முழங்காலில் மூன்று பேர்

பாரிஸில் பழைய வீடுகளின் பார்க்கே என்கிற மரத்தரையை உரோஞ்சி, பழுது பார்த்து, வார்னிஷ் பூசுவது என் தொழில். ஓர்சே அருங்காட்சியகத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் கய்பொத் வரைந்த ஆண்களைப் பற்றிய கண்காட்சி (2024 அக்டோபர் 8 முதல் 2025 ஜனவரி 19 வரை) நடந்தபோது, நான் போனது ‘தரை இழைப்பவர்கள்’ படத்துக்காகத்தான்.

1875இல் வரைந்த படம். உயரம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூட, அகலம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். மேலுடம்பில் துணியில்லாத மூன்று பேர் முழங்காலில் நின்று வேலை செய்கிறார்கள். பின்னால் இருக்கிற யன்னல் வெளிச்சம் தரையோடு தாழ்வாக வந்து, எங்கே வார்னிஷ் போய்விட்டது, எங்கே இன்னும் மிச்சம் என்று காட்டிக் கொடுக்கிறது. நாங்களும் விளக்கைத் தரையோடு பிடித்துத்தான் விட்ட இடத்தைத் தேடுவோம். கறுத்த பட்டையும் வெளுத்த பட்டையும் மாறி மாறி ஓடுகின்றன. சுருள் சுருளாக மரச்சீவல், ஒரு சுத்தியல், வலது பக்கத்தில் வைன் போத்தலும் ஒரு கிளாசும்.

இப்போது பெரும்பாலான வேலையை மெஷின் செய்துவிடும். ஆனால் மூலைக்குள் மெஷின் போகாது. அங்கே கையை நீட்டி, தோளின் பாரத்தைக் கொடுத்துச் சுரண்ட வேண்டும். அப்போது முதுகு எப்படி விரியும் என்பதை இந்த மனுஷன் கய்பொத் நின்று நிதானமாகப் பார்த்திருக்கிறார். இத்தனைக்கும் அவர் பெரிய பணக்கார வீட்டுப் பிள்ளை. பாரிஸின் அதிகாரபூர்வக் கண்காட்சியான சலோன் இந்தப் படத்தை வேண்டாம் என்றது. அடுத்த வருடம், வெளிச்சத்தையும் அன்றாட வாழ்க்கையையும் புது விதமாக வரைந்த இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களின் இரண்டாவது கண்காட்சியில் வைத்தார். எழுத்தாளர் எமில் ஸோலா கூட, அளவுக்கு மீறிய துல்லியம் என்று குறை சொன்னார். எனக்கு அந்தத் துல்லியம்தான் பெரிது.

சரி, மற்ற ஆண்கள்? கய்பொத்தின் தம்பி ரெனே யன்னலருகே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். 1876இல் வரைந்தது, அதே வருடம் அவர் இறந்துபோனார். இன்னொரு தம்பி மார்சியால் பியானோவில் குனிந்திருக்கிறார். சிகாகோவிலிருந்து வந்த பெரிய மழைநாள் தெருப் படத்தில் எல்லோரும் குடையோடு தங்கள் பாட்டில் நடக்கிறார்கள். இந்த வசதியான மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் கதைப்பதாகவே எனக்குத் தெரியவில்லை. தரை இழைப்பவர்களில்தான் இரண்டு பேர் தலையைச் சாய்த்து ஏதோ கதைக்கிறார்கள். ஆண்மை, உடல், பார்வை என்று இந்தக் கண்காட்சியைப் பற்றி நிறையப் பேசினார்கள். என் கண்ணுக்கு முதலில் பட்டது இந்தப் பேச்சுத்தான்.

1884இல் வரைந்த, குளித்துவிட்டு முதுகைத் துடைக்கிற ஆணின் படமும் பாஸ்டனிலிருந்து வந்திருந்தது. தரையில் ஈரக் கால்தடங்கள். 1888இல் பிரஸ்ஸல்ஸில் நடந்த கண்காட்சியில் அதைத் தனியறையில் ஒதுக்கி வைத்தார்களாம். அதில் மறைக்க என்ன இருக்கிறது? வீட்டில் ஒருவன் குளித்துவிட்டு நிற்கிறான், அவ்வளவுதான்.

கய்பொத் 1894இல், 45 வயதில் இறந்தார். மோனே, ரெனுவார், டெகா என்று ஓவிய நண்பர்களிடமிருந்து தான் சேர்த்த படங்களையெல்லாம் அரசுக்கு எழுதி வைத்தவர், தன் படம் ஒன்றைக்கூட அதில் சேர்க்கவில்லை. ‘தரை இழைப்பவர்கள்’ படத்தை அவருடைய குடும்பத்தார்தான் ரெனுவார் மூலமாக அரசுக்குக் கொடுத்தார்கள். ஆகவே கண்காட்சி முடிந்தாலும் அது ஓர்சேக்குச் சொந்தமான படம். இந்த வேலை செய்கிற தம்பிமார் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரம் ஒதுக்கிப் போய்ப் பாருங்கள்.