ஏறும்போது நிற்கிற எஞ்சின்

"நிலத்தில நல்லாத்தான் ஓடுது. மேல தூக்கினா நிக்குது." கிளோ எஞ்சின், அதாவது பிளக்கின் சூடான கம்பியால் மெதனோலைப் பற்றவைத்து ஓடுகிற சின்ன எஞ்சின், பூட்டிய ஏரோபற்றிக் (வானில் வித்தை காட்டும்) மொடல் விமானம் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கிற முறைப்பாடு இது. கேட்ட உடனே பத்துப் பேரில் ஒன்பது பேரின் கை, எரிபொருள் போகும் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசி வால்வுக்குப் போகும். அரைச் சுற்றுத் திறப்பார்கள், கால் சுற்று மூடுவார்கள், பிளக்கை மாற்றுவார்கள், எஞ்சினைத் திட்டுவார்கள். வருத்தம் பெரும்பாலும் அங்கே இல்லை. அது எரிபொருள் தாங்கிக்குள் இருக்கும்.

இங்கே சொல்லும் அளவுகள் 46 அளவு ரூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கானவை. 0.46 கன அங்குலம், அதாவது 7.5 சீசீ. இறக்கை நீளம் 145 செ.மீ., அகலம் 30 செ.மீ., எரிபொருள் இல்லாமல் நிறை 2.4 கிலோ. அப்படியென்றால் இறக்கையின் ஒரு சதுர டெசிமீற்றருக்கு ஏறக்குறைய 55 கிராம் பாரம். இந்த அளவு விமானம் உருளும், தலைகீழாகப் போகும், நிதானமாக இறங்கவும் செய்யும். 2.8 கிலோவைத் தாண்டினால் இறங்குகிற வேகம் கூடும். அந்த வேகத்தில் வயல் வரம்பில் சில்லு முட்டினால் கியர் கழன்று வரும்.

தாங்கியைக் கழற்றிச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உள்ளே ஒரு சிலிக்கன் குழாயின் நுனியில் பித்தளைக் குண்டு தொங்கும். விமானம் எந்தப் பக்கம் சரிந்தாலும் எரிபொருள் போகிற பக்கத்துக்குக் குண்டும் போய் உறிஞ்சவேண்டும். மூக்குக் குத்தி இறங்கிய நாளில் குண்டு முன்னுக்குப் பாயும், குழாய் மடங்கும், மடங்கியது மடங்கியபடியே இருந்துவிடும். மட்டமாக நிற்கும்போது தாங்கி முழுக்க எரிபொருள் இருப்பதால் ஒன்றும் தெரியாது. மூக்கை வானத்துக்குத் திருப்பியதும் எரிபொருள் பின்னுக்குப் போகும், குண்டு முன்னுக்கு நின்று காற்றை உறிஞ்சும். நாலு விநாடியில் சத்தம் அறும்.

குண்டு பின்சுவரைத் தொடக்கூடாது, 6 முதல் 8 மி.மீ. இடைவெளி வேண்டும். தொட்டால் சுவரோடு ஒட்டி நின்றுவிடும். தாங்கியை மெல்ல உருட்டும்போது குண்டு எல்லாப் பக்கமும் தடையில்லாமல் விழுவது காதுக்கே கேட்கும். பித்தளைக் குழாயை வெட்டிய விளிம்பை அரத்தால் மழுக்காமல் விட்டால், சிலிக்கனை அது உள்ளிருந்து அறுத்து ஊசித்துளை போடும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துளை மாதக்கணக்கில் ஆளைச் சுற்றவைக்கும். உட்குழாயைக் கழற்றி, எரிபொருள் போகக் கழுவி, ஒரு நுனியை அடைத்து, மறு நுனியால் ஊதி, வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்திப் பாருங்கள். குமிழி வரும் இடம்தான் வருத்தம். உட்குழாயை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். முழ நீளம்கூட வராத குழாய்க்காக ஒரு விமானத்தைக் கொடுக்கவேண்டாம்.

தாங்கியின் நடுக்கோடு காபரேற்றர் ஊசியின் மட்டத்தில் இருக்கவேண்டும், அல்லது அதற்கு 1 செ.மீ. கீழே. மேலே இருந்தால் நிறுத்தி வைத்த நேரத்திலும் எரிபொருள் வடிந்து எஞ்சினுக்குள் நிறையும். அந்த நிலையில் ஸ்ராட்டரை வைத்து அடித்தால் கொனெக்டிங் றொட் வளையும். தாங்கியைச் சுற்றி 1 செ.மீ. மென்பஞ்சு சுற்றுங்கள். பிளைவூட்டில் நேரே உரசினால் அதிர்வு எரிபொருளை நுரையாக்கிவிடும். காபரேற்றருக்குப் போகிற தெளிந்த குழாயில் சின்னக் குமிழிகள் ஓடுவது தெரிந்தால் ஒன்றில் நுரை, அல்லது மேலே சொன்ன ஊசித்துளை. சைலன்சரிலிருந்து தாங்கிக்கு வரும் அழுத்தக் குழாயையும் மறக்கவேண்டாம், அது கழன்றாலும் இதே நோய்தான்.

அடுத்தது எரிபொருள். நைற்றோமீதேன் தேடி அலையாதீர்கள். மெதனோல் 80 பங்கு, ஆமணக்கெண்ணெய் 20 பங்கு. ஒரு லீற்றருக்கு 800 மில்லிலீற்றரும் 200 மில்லிலீற்றரும். பல எஞ்சின்களுக்கு இது போதும். நைற்றோ 5 முதல் 15 வீதம் சேர்த்தால் மெதுவோட்டம் சீராகும், கொஞ்சம் பலமும் கூடும், அவ்வளவுதான். நைற்றோ இல்லாதபோது சூடு கூடிய ரகப் பிளக்கைப் போடுங்கள். பிளக்கின் கம்பிச்சுருளில் பிளாட்டினம் இருக்கிறது. மெதனோல் ஆவி பட்டதும் அது தானாகச் சூடாகும். அதனால்தான் எஞ்சின் எழும்பிய பிறகு பற்றறியைக் கழற்றினாலும் ஓடுகிறது.

எண்ணெய் விஷயத்தில் இரண்டு பிழைகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒன்று, பெற்றோல் செட்டில் வாங்கிய ரூ ஸ்ட்ரோக் எண்ணெயை ஊற்றுவது. அது மெதனோலோடு கலக்காது. கண்ணாடிப் போத்தலில் கலக்கிப் பத்து நிமிடம் வைத்தால் இரண்டும் பிரிந்து நிற்பதைக் காணலாம். எஞ்சினுக்குள் வெறும் மெதனோல் போகும், பெயறிங் எரியும். மற்றது, ஊரில் காய்ச்சிய ஆமணக்கெண்ணெய். வித்தை இடித்துத் தண்ணீரோடு காய்ச்சி எடுப்பதால் ஈரமும் கசடும் இருக்கும். தலைக்கு வைக்க அதுதான் நல்லது, எஞ்சினுக்குச் சுத்திகரித்தது வேண்டும்.

மெதனோல் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை இலங்கையின் வன்னியில் சுவர்கூட வியர்க்கும் காலம். அரைவாசி காலியான கானுக்குள் இருக்கிற காற்றே போதும். ஈரம் ஏறிய எரிபொருள் கலங்கலாகத் தெரியும், மெதுவோட்டம் தடுமாறும், பிளக் அடிக்கடி போகும். சின்னக் கான்களில் முட்ட நிரப்பி மூடுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்லவேண்டும். மெதனோல் நஞ்சு. குடித்தால் கண் போகும், உயிரும் போகும். சோடாப் போத்தலில் ஊற்றி வைப்பது கொலைக்குச் சமம், வீட்டில் பிள்ளைகள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அது எரிவதும் வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. விமானத்தைச் சுற்றி வெக்கை அடிக்கிறது, சுவாலையைக் காணவில்லை என்றால் கையை வைத்துப் பார்க்காதீர்கள், தண்ணீரை ஊற்றுங்கள்.

ஊசியைப் பற்றி இப்போது பேசலாம். முழு வேகத்தில் ஓடவிட்டு, சத்தம் உச்சம் போகும் வரை மெல்ல மூடுங்கள். பிறகு எஞ்சின் வேகம் நிமிடத்துக்கு 200 முதல் 300 சுற்று இறங்கும் அளவுக்குத் திறங்கள். ஒருவர் விமானத்தை இறுகப் பிடித்து மூக்கை மேலே தூக்கவேண்டும். சத்தம் துளி ஏறினால் சரி, தொய்ந்தால் எரிபொருள் காணாது, இன்னும் திறக்கவேண்டும். காலை ஏழு மணிக் காற்று அடர்த்தியானது, நடுப்பகல் காற்று ஐதானது. மத்தியானம் பூட்டிய ஊசியோடு மறுநாள் விடியப் பறந்தால் எரிபொருள் குறைந்து எஞ்சின் காயும். புரொப்பெல்லர் 11க்கு 6 அல்லது 10க்கு 6 (முதல் எண் விட்டம், மற்றது ஒரு சுற்றில் முன்னேறும் தூரம், இரண்டும் அங்குலத்தில்). ஊசியைத் திருப்புபவர் புரொப்பெல்லரின் பின்பக்கம் நிற்கவேண்டும், முன்னாலோ பக்கவாட்டிலோ அல்ல. விரலால் சுண்டித் தொடக்குவதை விட்டுவிடுங்கள்.

கட்டும் வேலையில் முதல் கவனம் பல்சா என்ற இலேசான மரப்பலகையைப் பிரிப்பது. 3 மி.மீ. தடிப்பு, 10 செ.மீ. அகலம், ஒரு மீற்றர் நீளப் பலகை 36 கிராமும் இருக்கும், 60 கிராமும் இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்று. தராசில் வைத்து இலேசானதை வாலுக்கும், கனத்ததை இறக்கை முதுகெலும்புக்கும் ஒதுக்குங்கள். வாலில் கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் இரண்டரை, மூன்று கிராம் ஈயம் வைக்கவேண்டி வரும். எஞ்சின் பூட்டும் முன்சுவர் 6 மி.மீ. பிளைவூட். அதை 5 நிமிட எபொக்சியால் ஒட்டவேண்டாம், மெதுவாக இறுகும் 30 நிமிட ரகம்தான் நிற்கும். ஒட்டியபின் தாங்கி அறை முழுவதற்கும் எபொக்சியைத் தீந்தையாகப் பூசுங்கள். எண்ணெய் ஊறிய மரத்தில் பிறகு எந்தப் பசையும் பிடிக்காது. எஞ்சினை வலப்பக்கம் ஒன்றிரண்டு பாகை திருப்பிப் பூட்டுங்கள்.

சேர்வோ என்ற சின்ன மோட்டரிலிருந்து வாலிலும் இறக்கையிலும் உள்ள அசையும் தகடுகளுக்குப் போகிற தள்ளுகம்பிக்குச் சைக்கிள் ஸ்போக் நல்லது, 2 மி.மீ. தடிப்பு, உறுதி. ஆனால் அதன் புரி மொடல் கொக்கிகளின் புரியோடு சரியாகப் பொருந்தும் என்று சொல்லமுடியாது. இசட் வடிவில் மடித்து சேர்வோ கைக்குள் கொழுவுங்கள், புரியை நம்பாதீர்கள். அந்தத் தகடுகளின் கீலில் ஆட்டம் இருந்தால் வேகத்தில் படபடத்து வால் பிய்ந்துவிடும்.

பாரமையம் இறக்கை முன்விளிம்பிலிருந்து 7.5 செ.மீ.யில் தொடங்கட்டும், காலியான தாங்கியோடு பார்க்கவேண்டும். பழகியபின் 9 வரை பின்னுக்கு எடுக்கலாம். எலிவேற்றர் (வாலின் மேல்கீழ்த் தகடு) மேலும் கீழும் 12 மி.மீ., எயிலரொன் (இறக்கையின் பின்விளிம்புத் தகடு) 10 மி.மீ., முதல் பறப்புக்கு இதுவே கூட. றிசீவரின் பெயில்சேப்பில், அதாவது றேடியோ சிக்னல் அறுந்தால் அது எடுக்கும் நிலையில், திறொட்டிலை மூடியபடி பதியுங்கள்.

உறைப் படலத்துக்குக் கடும் நிறம் வேண்டாம். பங்குனி, சித்திரை வெயிலில் கறுப்பும் கடுநீலமும் தொய்ந்து சுருங்கும். வான் வண்டிக்குள் அடைத்து வைத்தால் இன்னும் மோசம். பாலையோ மருதோ கிடைத்த நிழலில் வையுங்கள்.

இடம்: காலபோக அரிவு வெட்டு முடிந்த வயல் அருமையானது. கோடையில் வற்றிய குளத்து அலைகரையும் நல்லது. தூசிதான் எதிரி. செம்மண் தூளை காபரேற்றர் ஒருமுறை விழுங்கினால் சிலிண்டர் கீறும். எஞ்சினைத் தொடக்கும் இடத்தில் படங்கு விரித்துத் தண்ணீர் தெளியுங்கள். சோளகக் காற்று வீசும் மாதங்களில் விடியக்காலை மட்டும்தான் பறப்பு, பத்து மணிக்குப் பிறகு காற்று விமானத்தைத் தன் பாட்டுக்குக் கொண்டுபோகும். இலங்கை சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் பதிவு, அனுமதி விஷயங்களை முதலில் முடியுங்கள். பக்கத்துப் பொலிசுக்கும் சொல்லுங்கள். இங்கே வானத்தில் ஒன்று இரைந்தால் சனம் இன்னும் நிமிர்ந்து பார்க்கும். மிதிவெடி அபாயப் பலகை நிற்கிற பக்கம் விமானம் விழுந்தால் அதை விட்டுவிடுங்கள். பற்றைக்குள் வெள்ளையாக வால் தெரிந்தாலும், பத்தே காலடி என்றாலும் போகாதீர்கள்.

அன்றைய பறப்பு முடிந்ததும் எரிபொருள் குழாயைக் கழற்றி, காபரேற்றரில் மிச்சமிருப்பது எரிந்து எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். தாங்கியை வடியுங்கள். காபரேற்றருக்குள் ஐந்தாறு துளி மெல்லிய இயந்திர எண்ணெய் விட்டு, பிளக் துளையிலும் இரண்டு துளி விட்டு, புரொப்பெல்லரைப் பத்துத் தடவை சுற்றுங்கள். பின்பெயறிங்தான் முதலில் துருப்பிடிக்கும். பிளக்கைக் கழற்றும்போது சுருளைப் பாருங்கள். மினுங்கி வட்டமாக இருந்தால் நலம். மங்கிச் சாம்பல் நிறமாகி நெளிந்திருந்தால் ஊசி இறுக்கம், பிளக்கும் மாற்றவேண்டும்.

மாரி முழுக்கப் பெட்டியில் கிடந்த எஞ்சின் தையில் இறுகி நிற்கும். குறட்டால் திருகாதீர்கள். பழைய ஆமணக்கெண்ணெய் பிசினாகிப் பிடித்திருக்கிறது, வேறொன்றுமில்லை. தலைமுடி உலர்த்தியால் சிலிண்டரைச் சுற்றி ஐந்து நிமிடம் சூடு பிடியுங்கள். பிசின் இளகியதும் புரொப்பெல்லர் கையோடு வரும். அப்போதே எண்ணெய் விட்டுச் சுற்றிவிட்டு, தாங்கியைக் கழற்றி அந்தக் குண்டைப் பாருங்கள்.