பதினேழு கேள்விகள்

ஆய்வுப் பிரிவில் சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்த வேலை, கேள்வி கேட்பது மட்டும்தான். எந்த மருந்தைச் சோதிப்பது, எத்தனை மில்லிகிராம் கொடுப்பது என்பதெல்லாம் பெரியவர்கள் பாடு. என் கையில் இருந்தது மனச்சோர்வு எவ்வளவு கடுமை என்று அளக்கும் ஹாமில்டன் அளவுகோல் என்ற தாள். மேக்ஸ் ஹாமில்டன் என்ற மனநல மருத்துவர் 1960இல் வெளியிட்டது. சோகம், குற்றவுணர்வு, தூக்கம், பசி, பதற்றம், எடை என்று பதினேழு விஷயங்கள், மொத்தம் 52 புள்ளிகள். சிகிச்சைக்குப் பிறகு புள்ளி பாதியாகக் குறைந்தால் மருந்து கேட்கிறது என்று எழுதுவோம். 7 அல்லது அதற்குக் கீழே வந்தால் நோய் தணிந்துவிட்டது என்று கணக்கு.

மனச்சோர்வை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. ஒருவர் சொல்வதைக் கேட்டு, அவர் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பார்த்து இன்னொருவர் போடும் எண்தான் கடைசியில் ஆய்வுக் கட்டுரையாகிறது. இது உறைத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பயிற்சிக்காக ஒரே நேர்காணல் வீடியோவை ஐந்து பேர் பார்த்து ஐந்து விதமாக மதிப்பிட்டோம். "பேச்சு மெதுவாக இருக்கிறதே, 2 போடலாம்" என்றேன். "அவர் சுபாவமே அப்படியாக இருந்தால்?" என்றார் பக்கத்தில் இருந்தவர். அரை மணி நேரம் சண்டை. சரி, 1 என்று சமாதானமானோம்.

போகப் போக அந்தத் தாளின் குணம் பிடிபட்டது. தூக்கத்துக்கு மட்டும் மூன்று கேள்விகள், ஆறு புள்ளிகள். ஆகவே தூங்கவைக்கும் மருந்து எதுவானாலும் மனசைத் தொடுவதற்கு முன்பே நல்ல பெயர் வாங்கிவிடும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் 24 புள்ளிகளோடு ஆய்வுக்கு வந்தார். எட்டாவது வாரம் 6. சந்தோஷமாக எழுதிக்கொண்டிருந்தேன். பேனாவை மூடும்போது அவர் சொன்னார்: "தூக்கம் வருது டாக்டர், சாப்பிடுறேன், வீட்டு வேலையும் பார்க்கிறேன். ஆனா பேரன் ஓடி வந்து மடியில ஏறினா, ரொம்ப கனமா இருக்கானேன்னுதான் தோணுது." ஈடுபாடு பற்றித் தாளில் ஒரு கேள்வி உண்டுதான். எல்லா வேலையும் செய்கிறாரே என்று அதற்கு 1 போட்டிருந்தேன். அவர் சொன்னதை எங்கே எழுதுவது என்று தெரியாமல் தாளின் ஓரத்தில் எழுதிவைத்தேன். ஆய்வின் கணக்கில் அவர் குணமானவர். ஓரத்தில் எழுதியதைக் கணினியில் ஏற்ற இடம் இல்லை.

அந்த ஆய்வின் முடிவில், யாருக்கு மருந்து, யாருக்குப் பிளாசிபோ என்கிற, மருந்தே இல்லாத போலி மாத்திரை என்ற ரகசியத்தைப் பிரித்தார்கள். நான் பார்த்தவர்களில் மிக நன்றாகத் தேறியவர் சாப்பிட்டது பிளாசிபோ. மருந்துதான் என்று பந்தயமே கட்டியிருப்பேன். மனச்சோர்வு ஆய்வுகளில் பிளாசிபோ எடுப்பவர்களில் மூன்றில் ஒரு பங்கு பேருக்காவது நல்ல முன்னேற்றம் தெரிவது வழக்கம் என்று படித்திருந்தேன். படித்தது வேறு, நம் நோயாளிக்கு நடப்பது வேறு. காரணங்கள் பல. சிலருக்கு நோய் தானாகவே இறங்கும் காலம் அது. சிலருக்கு, வாராவாரம் ஒருவர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து கவனமாகக் கேட்பதே பெரிய விஷயம். மூன்றாவது காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆய்வில் சேர 20 புள்ளி வேண்டும் என்றால், 19 வாங்குகிற ஆளே கண்ணில் படமாட்டார். ஆள் சேர்க்கும் அவசரத்தில் நம் கையே ஒன்றைக் கூட்டிப் போட்டுவிடும். நானும் போட்டிருக்கிறேன். ஏற்றிப் போட்டது அடுத்த வாரம் தானாக இறங்கும்.

எங்கள் மருந்து பிளாசிபோவைத் தாண்டவில்லை. அந்த முடிவு கட்டுரையாகவும் வரவில்லை. அது தனிக்கதை இல்லை என்று 2008இல் எரிக் டர்னரும் அவர் குழுவினரும் எழுதியதைப் படித்தபோது தெரிந்தது. 12 மனச்சோர்வு மருந்துகளுக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவிடம் பதிவான 74 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தார்கள். மருத்துவ இதழ்களை மட்டும் படித்தால் 94 சதவீதம் வெற்றி. எஃப்டிஏவின் மதிப்பீட்டில் 51 சதவீதம்தான். மருந்துகள் வேலை செய்யவில்லை என்பதல்ல இதன் பொருள். நாங்கள் சொல்லிக்கொண்ட அளவுக்குச் செய்யவில்லை, அவ்வளவுதான். அமெரிக்காவில் சுமார் 4,000 பேரை வைத்து நடந்த ஸ்டார்-டி ஆய்விலும் முதல் மருந்திலேயே முழுதாகத் தணிந்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். இப்போது முதல் மாத்திரை எழுதும்போதே சொல்லிவிடுகிறேன்: இது கேட்காமல் போகலாம், அது உங்கள் தவறு இல்லை, அடுத்தது இருக்கிறது.

என் தாளில் நான் பார்த்த மிகக் குறைந்த எண் 3. ஓர் இளைஞர். மருந்து ஆரம்பித்து மூன்றாவது வாரம் சிரித்துக்கொண்டே வந்தார், சோகம் இல்லை, தூக்கத்தில் குறை ஏதும் இல்லை என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று மாலையே அவர் அக்கா போன் செய்தார். மூன்று ராத்திரியாகத் தம்பி தூங்கவே இல்லையாம், யார் யாருக்கோ பணத்தை வாரிக் கொடுக்கிறாராம். அது குணமல்ல, மேனியா, மனம் அளவுமீறி எழும்பிப் பரபரக்கும் நிலை. மனச்சோர்வும் மேனியாவும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு மனச்சோர்வு மருந்தைத் தனியாகக் கொடுத்தால் மனம் மறுபக்கம் எகிறும் அபாயம் உண்டு. என் தாள் கேட்பது சமீபத்திய நாட்களை. ஐந்து வருடத்துக்கு முன்பு இப்படித் தூங்காமல் திரிந்தீர்களா என்று அது கேட்காது, நானும் கேட்கவில்லை.

அவரை நிலைக்குக் கொண்டுவந்தது லித்தியம். 1949இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட், மேனியா நோயாளிகள் பத்துப் பேருக்குக் கொடுத்துப் பார்த்து எழுதிய அதே உப்பு. ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் என்ற குறுகிய எல்லைக்குள் அதை வைத்திருக்க வேண்டும், கூடினால் நஞ்சு. சிறுநீரகத்தையும் தைராய்டையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். இங்காவது சோதனைக் கூடம் தரும் எண் ஒன்று இருக்கிறதே என்று அப்போது ஆறுதலாக இருந்தது. அப்புறம், மனச்சோர்வோடு வரும் ஒவ்வொருவரிடமும் பழைய நாட்களைப் பற்றி விசாரிக்கிறேன், கூட வந்தவரையும் உள்ளே கூப்பிட்டுக் கேட்கிறேன்.

அந்த ஆசிரியை ஆய்வு முடிந்த பிறகும் என்னிடமே வந்தார். வேறு மருந்துக்கு மாற்றினோம். விட்டுப்போன சின்னச் சின்ன விருப்பங்களை நாள் குறித்துத் திரும்பச் செய்யவைக்கும் பேச்சு சிகிச்சையும் சேர்த்தோம். சில மாதங்கள் கழித்துப் பழக்கதோஷத்தில் அவரிடம் பதினேழு கேள்விகளையும் கேட்டேன். தூக்கம் கொஞ்சம் குறைவு, பதற்றம் கொஞ்சம். மொத்தம் 8. கணக்குப்படி நோய் தணியவில்லை. ஓரத்தில் எழுத ஏதாவது உண்டா என்று கேட்டேன்.

"நேத்து பேரன் மடியிலயே தூங்கிட்டான். கால் மரத்துப்போச்சு. எழுப்ப மனசு வரல" என்றார்.