சீற் தண்டு: மாசி, பங்குனிக் குறிப்புகள்

மாசி 4

ரொறன்ரோவிலிருந்து அண்ணாவின் பெட்டி வந்துவிட்டது. கொழும்புத் துறைமுகத்திலும் முகவரின் களஞ்சியத்திலும் வாரக்கணக்கில் கிடந்த பின்னர், இன்று பின்னேரம் லொறியில் வாசலுக்கு வந்து சேர்ந்தது. பழைய கம்பளிகளுக்கும் பிள்ளைகளின் உடுப்புகளுக்கும் நடுவே அவருடைய சைக்கிள் சட்டம் இருந்தது. கோனா லாவா டோம் என்ற மலைச் சைக்கிள், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்தது. பார் பின்பக்கம் நோக்கிச் சரிந்திருக்கிறது. ஜோ மறே வடிவமைத்த கோனாக்களை எட்ட நின்றே அடையாளம் காட்டுவது அந்தச் சரிவுதான். முன்சில்லைப் பிடிக்கும் முன்போக் நுனியில் வளையாமல் நேராக இறங்குகிறது. குழாயை விரலால் சுண்டினேன். நல்ல உருக்கு, ஒலி நீண்டு நின்றது. பதினைந்து வயதில் ஒரு சஞ்சிகைப் படத்தில் பார்த்தது இப்போது என் விறாந்தையில் இருக்கிறது என்பதை நம்பவே சிறிது நேரம் எடுத்தது.

மாசி 5

சீற்றைத் தாங்கும் தண்டு சட்டத்துக்குள் இறுகிவிட்டது. அசையவில்லை.

மாசி 6

இரவு முழுவதும் இதே யோசனை. தண்டு அலுமினியம், சட்டம் குரோமோலி உருக்கு. இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால் அரிபடுவது அலுமினியம்தான். அப்போது உண்டாகும் வெள்ளை ஒக்சைட்டு, முன்பிருந்த உலோகத்தைவிட அதிக இடத்தை எடுப்பதால், மயிரிழை இடைவெளியையும் நிரப்பி இரண்டையும் ஒன்றாக இறுக்கிவிடும். ரொறன்ரோவில் குளிர்காலத்தில் வீதியில் தூவும் உப்பும் அண்ணாவின் வியர்வையும் அந்த இடைவெளிக்குள் எத்தனை ஆண்டுகள் இறங்கியிருக்கும்! இனி இங்குள்ள கடற்காற்றும் சேர்ந்துகொள்ளும்.

வெல்டிங் கடைக்காரர் சூடாக்கிக் கழற்றலாம் என்றார். நான் இணங்கவில்லை. ஒரே அளவு வெப்பத்துக்கு அலுமினியம் உருக்கைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். உள்ளே இருக்கும் தண்டு அதிகம் விரிந்தால் பிடி மேலும் இறுகும். அத்துடன் பூச்சும் கருகிவிடும். தொழிற்சாலையில் பூசிய பூச்சு எஞ்சியிருக்கும் ஒவ்வொரு விரற்கடை இடத்தையும் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. எனவே பெடல் அச்சைக் கழற்றி, சட்டத்தைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, அசிற்றோனையும் ஒட்டோ கியர் எண்ணெயையும் சம அளவாகக் கலந்து அச்சுக்கூட்டின் வழியாக ஊற்றினேன். தண்டின் அடிப்பக்கத்துக்கு அது போய்ச் சேரும். ஊற வேண்டும்.

தண்டைச் சுற்றி அண்ணா ஒட்டிய கறுப்பு நாடா ஒன்று இருக்கிறது. அவருடைய உயரத்தின் அடையாளம். அந்த உயரத்திலேயே இறுகியிருக்கிறது. நான் ஏறினால் பெடல் கீழே போகும்போது கால் எட்டாது.

மாசி 9

அயல்வீட்டு ஐயா விறாந்தையில் வந்து நின்று நெடுநேரம் பார்த்தார். "இந்தப் பாரில பிள்ளையை இருத்தேலாது தம்பி, சறுக்கிக்கொண்டு வந்திடும்" என்றார். உண்மைதான். அவருடைய ராலி சைக்கிளின் பாரில் இருந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இப்போது மூன்று நாடுகளில் இருக்கிறார்கள். மின்சாரமும் பற்றரியும் இல்லாத அந்தத் தொண்ணூறுகளில், சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவின் மின்னில் அவர் வீட்டார் வானொலிச் செய்தி கேட்டார்கள். இந்த லாவா டோம் கனடாவில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றதும் ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான்.

மலைச் சைக்கிளும் பழையதைக் கொண்டே பிறந்தது என்று அவருக்கு விளக்கினேன். கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்து இளைஞர்கள், முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் செய்த பருத்த ரயர் ஷ்வின் சைக்கிள்களைத் தேடியெடுத்து, மலைப்பாதையில் மேலிருந்து கீழே விட்டார்கள். பின்பெடல் பிறேக்கில் இருந்த கிறீஸ் இறக்கம் முடிவதற்குள் வெந்து புகையாகிவிடும். ஒவ்வொரு தடவையும் கழற்றிப் புதிதாக அடைக்க வேண்டும். 1976 ஒக்ரோபர் 21 அன்று அந்த இறக்கத்தில் முதற் பந்தயம் வைத்தார்கள். மறு ஆண்டு ஜோ பிறீஸ் அந்த ஓட்டத்துக்கென்றே ஒரு சட்டத்தைக் கட்டினார். ஐயா முழுவதையும் கேட்டுவிட்டு, அவர்களும் ஒட்டுப்போட்டு ஓடினவர்கள்தான் என்று தலையாட்டினார்.

தண்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடச் சொன்னார். அது ஊர்ந்து இறங்காது.

மாசி 11

மாசிப் பனி. விடிய முற்றத்துக் கம்பியெல்லாம் நனைந்திருந்தது. சட்டத்தை அறைக்குள் கொண்டு போனேன்.

மாசி 14

வீட்டிலிருந்தால் தண்டைத்தான் முறுக்கிக்கொண்டிருப்பேன் என்பதால், விடியற்காலையில் என் மற்றச் சைக்கிளான மியாற்றாவை எடுத்துக்கொண்டு வல்லிபுரம் கடந்து மணற்காடு வரை போனேன். ரயரில் காற்றைப் பாதியாகக் குறைத்தால் அந்த மணலும் தாங்கும். ஷிமானோ 1983 அளவில் கொண்டுவந்த நீள்வட்டப் பயோபேஸ் சில்லு, பெடலோடு சுற்றிச் செயினை இழுக்கும் பற்சில்லு, இதில் இருக்கிறது. கால் முழுப் பலத்துடன் அழுத்தும் இடத்தில் சில்லு சிறுத்து, பெடல் அந்தரத்தில் நிற்கும் இடத்தில் பெருக்கிறது. உலகமே அதைக் கைவிட்டுவிட்டது. ஆனால் மணல்மேட்டில் மெதுவாக உழக்கி ஏறும்போது அதைப்போல் இசைவானது எனக்கு வேறில்லை. சவுக்கங்காட்டுக்குள் ஊசியிலைகள் படிந்த தடத்தில் சத்தமே இல்லாமல் உருண்டது. கால் ஓய்ந்து, மனம் நிறைந்து திரும்பினேன்.

திரும்பி வந்ததும் தண்டை முறுக்கிப் பார்த்தேன். இல்லை.

மாசி 17

கொழும்பிலிருந்து ஒருவர் அழைத்தார். சட்டத்தின் படம் எப்படியோ அவருக்குப் போயிருக்கிறது. நல்ல விலை சொன்னார். புதிதாகப் பூச்சடித்துத் தன் உணவகத்தின் சுவரில் மாட்டப் போகிறாராம். தண்டு இறுகியிருந்தால் அறுத்துவிட்டால் போதும் என்றார். அவர் அதை அவ்வளவு இலேசாகச் சொன்னது நாள் முழுவதும் எரிச்சலாக இருந்தது. மேட்டிலும் பள்ளத்திலும் அடி வாங்குவதற்காகப் பற்றவைத்த குழாய்களை ஆணியில் தொங்கவிட எவருக்கும் உரிமை இல்லை. விற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

மாசி 20

அண்ணி எடுத்தார். அண்ணா நித்திரை. இப்போது பகலிலும் நித்திரைதானாம். தண்டு கழன்றதா என்று கேட்கச் சொல்லியிருந்தாராம்.

மாசி 23

கடைசி வழி கோஸ்ரிக் சோடா. அது அலுமினியத்தைக் கரைத்துவிடும், உருக்கைத் தொடாது. தலைகீழாக நிறுத்திக் கரைசலை ஊற்றினால் ஐதரசன் குமிழ்விட்டு வெளியேற, தண்டு மெல்ல மெல்லக் கூழாகும். ஒழுகும் இடமெல்லாம் பூச்சு உரியும். கண்ணில் பட்டால் கண் போகும். இந்த ஆபத்துகளுக்கெல்லாம் ஆயத்தம் செய்யலாம். ஆனால் தண்டு இல்லாமற் போகும். நாடாவும் போகும். போத்தலை வாங்கி வைத்திருக்கிறேன், திறக்கவில்லை.

மாசி 26

அழைப்பு இல்லை.

பங்குனி 2

சூடு இறுக்கும் என்றால் குளிர் தளர்த்த வேண்டும். இதை இவ்வளவு நாளும் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறேன்! பாசையூரில் மீன் பெட்டிகளுக்குப் போடும் ஐஸ் வாங்கி வந்து உடைத்தோம். குளிரைக் கூட்ட உப்புப் போடலாம் என்று பையன் சொன்னான். உப்பு இந்தச் சட்டத்துக்கு அருகிலும் வரக்கூடாது என்று தடுத்தேன். தண்டின் தலையை வைசில் கடித்துக்கொடுத்துச் சட்டத்தைத் தலைகீழாக நிறுத்தி, அச்சுக்கூட்டின் வழியாகத் தண்டின் உட்குழிக்குள் ஐஸ் தூளை அடைத்தோம். வெளியே குழாயைச் சுற்றிச் சுடுநீரில் நனைத்த துவாய். பிறகு ஐயா ஒரு பக்கமும் நான் மறு பக்கமுமாகச் சட்டத்தையே நெம்புகோலாகப் பிடித்துத் திருப்பினோம். முதலில் ஒன்றும் இல்லை. துவாயை மாற்றினோம். மீண்டும் திருப்பியபோது டொக் என்று ஒரு சத்தம். சட்டம்தான் வெடித்தது என்று நினைத்து எனக்குக் கை நடுங்கியது. வைசின் கீழே பார்த்தால், வெள்ளைத் தூள் நிலத்தில் மாவாய்ச் சிந்தியிருந்தது. தண்டு திரும்புகிறது!

பங்குனி 3

முழுதும் வெளியே வந்துவிட்டது. உள்ளே போயிருந்த பகுதி அம்மைத்தழும்பாகக் குழிந்திருக்கிறது, ஆனாலும் வளைவில்லை. குழாயின் உட்புறத்தைத் துடைத்து ஆளிவிதை எண்ணெய் பூசிக் காயவிட்டேன். அண்ணிக்குச் செய்தி அனுப்பினேன். அண்ணாவின் காதில் சொன்னதாகப் பதில் வந்தது.

பங்குனி 6

என் உயரத்துக்கு இறக்கினால் நாடா குழாயின் விளிம்பில் பட்டு உரிந்துவிடும். உரிக்கப் போவதில்லை. இந்தத் தண்டைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, ஓடுவதற்கு வேறொன்று தேடுகிறேன். வேணியரில் 27.0 மில்லிமீற்றர் காட்டுகிறது. பழைய உருக்குச் சட்டங்களுக்கான தண்டுகள் 0.2 மில்லிமீற்றர் இடைவெளியில் வெவ்வேறு அளவாக வந்தவை. ஜப்பானியப் பழைய சைக்கிள் இறக்குபவர் தன்னிடம் 26.8 இருக்கிறது, ஒரு சுற்று ரின் தகடு வைத்து இறுக்கலாம் என்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தளர்வான தண்டு ஆடி ஆடி, தண்டை இறுக்கிப் பிடிக்கும் சட்டத்தின் காதை வெடிக்கச் செய்துவிடும். வெள்ளிக்கிழமை இன்னொரு பெட்டி உடைக்கிறாராம், போய்ப் பார்க்க வேண்டும்.