தொண்ணூறில் உதறும் ஸ்டியரிங்: நாலு ஞாயிற்றுக்கிழமை வேலை

ஓசூர் தாண்டி சூளகிரி நெருங்கும்போதுதான் முதலில் கவனித்தேன். எண்பதில் விரல் நுனியில் லேசாக ஒரு கூச்சம் மாதிரித் தொடங்கியது, தொண்ணூறு வந்ததும் ஸ்டியரிங் கையில் படபடவென்று உதறியது, நூறை நெருங்கினால் கொஞ்சம் அடங்கியது. சேலத்துக்கு மாமியார் வீட்டுக்குப் போகிற வழி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏங்க, வண்டி நடுங்குதா, உங்க கை நடுங்குதா?" என்றாள். இரண்டும்தான்.

வண்டி பத்து வருடம் பழசு, செகண்ட் ஹேண்டில் வாங்கியது, அலாய் ரிம், 185/65 ஆர் 15 டயர். ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றுமே தெரியாது. பெங்களூரில் தொண்ணூறில் போக ரோடு எங்கே இருக்கிறது, சில்க் போர்டில் ஒன்பதில் போனாலே பெருமை. அதனால் இந்த உதறல் எத்தனை மாதமாக இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்ததும் வீட்டுப் பக்கம் ஒரு டயர் கடைக்குப் போனேன். வண்டியைத் தொடாமலே "அலைன்மென்ட் அவுட் இதே சார்" என்று கன்னடம் கலந்து சொன்னார். அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும், ஆனால் அது மட்டும் இப்படி உதற வைக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தலையாட்டினேன். அலைன்மென்ட்டோடு நாலு சக்கரத்துக்கும் பேலன்சிங், 1,100 ரூபாய். மெஷினில் எல்லாச் சக்கரத்துக்கும் 00 காட்டியது (எடை சுற்றிலும் சமம் என்று அர்த்தம்), எனக்கும் திருப்தி. அடுத்த வாரம் அத்திப்பள்ளி டோல் தாண்டிப் பார்த்தால் அதே உதறல். மறுபடி போனேன், மறுபடி வெயிட் ஒட்டினார்கள், மறுபடி 00, மறுபடி உதறல். மூன்றாவது தடவை போனபோது சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம், ஸ்டியரிங்கோடு இணைக்கும் டை ராட் எண்ட் எல்லாம் மாற்ற வேண்டும், 14,000 ஆகும் என்றார்கள். அங்கேதான் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

அல்சூரில் பட்டறை வைத்திருக்கும் திருப்பத்தூர்க்கார அண்ணன் ஒருவரைப் பல வருடமாகத் தெரியும். போனில் கதையைக் கேட்டுவிட்டு, "தம்பி, காசு செலவில்லாத வேலைய முதல்ல பாரு. எப்ப உதறுது, எப்ப உதறலைன்னு எழுதி வெச்சுக்கிட்டு அப்புறம் ஸ்பேனர எடு" என்றார்.

முதல் ஞாயிறு முழுக்க அதற்கே போனது. விடியற்காலை காலி ரோட்டில் தொண்ணூறில் நாலாவது கியர், பிறகு அதே வேகத்தில் ஐந்தாவது கியர். இன்ஜின் சுற்று மாறியது, உதறல் துளிகூட மாறவில்லை, எனவே இன்ஜின் காரணமில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி இருந்தது. சக்கரத்தைச் சுற்ற வைக்கும் டிரைவ் ஷாஃப்டின் உள்பக்க ஜாயிண்ட் தேய்ந்திருந்தால் மிதிக்கும்போது கூடி, விடும்போது குறையும் என்பதால் அதையும் ஒதுக்கினேன். பிரேக் மிதித்தால்? இங்கேதான் ஒரு சின்னச் சிக்கல். லேசாக மிதித்தாலே உதறல் கூடியது, பெடலிலும் ஒரு துடிப்பு தெரிந்தது. அதைத் தனியாகக் குறித்து வைத்தேன், கடைசியில் வருகிறேன்.

இன்னொன்றும் செய்தேன், இது அவசியமில்லாத வேலை, ஆனால் எனக்குப் பிடித்த வேலை. ஃபைஃபாக்ஸ் என்று ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தில் உருவான இலவச ஆப் இருக்கிறது, போனில் இருக்கும் சென்சாரை வைத்தே அதிர்வின் அலைவெண்ணை, அதாவது நொடிக்கு எத்தனை தடவை ஆடுகிறது என்பதை, காட்டும். மனைவி போனை டாஷ்போர்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள், நான் ஜிபிஎஸ் வேகத்தில் 90-ல் நிறுத்தி ஓட்டினேன். ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் கூட்டியே காட்டும், அதை நம்பிக் கணக்குப் போட முடியாது. கிராஃபில் 13-ஐ ஒட்டி ஒரே ஒரு முள் நெட்டுக்குத்தாக நின்றது. இந்த டயரின் சுற்றளவு சுமார் 1.95 மீட்டர், 90 என்றால் நொடிக்கு 25 மீட்டர், ஆக சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 13 சுற்று. இன்ஜினாக இருந்தால் அந்த வேகத்தில் நாற்பதுக்குப் பக்கத்தில் வந்திருக்கும். சக்கரம் சுற்றுகிற வேகத்திலேயே உதறுகிறது, வேறு எதையும் தேட வேண்டாம் என்று தெரிந்ததும் ரோட்டோரம் நிறுத்தி டீ குடித்தோம்.

பேலன்சிங் ஆள் "இருபது கிராம் எல்லாம் ஒரு வித்தியாசமே இல்ல சார்" என்று சொன்னது ஞாபகம் வந்ததால் அதையும் போட்டுப் பார்த்தேன். ரிம் ஓரத்தில் 40 கிராம் ஏறுமாறாக இருந்தால் 90-ல் அது கிட்டத்தட்ட 5 கிலோ எடை அளவுக்கு வெளியே இழுக்கும், அதுவும் நொடிக்கு 13 தடவை திசை மாறி மாறி. 45-ல் அதில் கால்பங்குதான். ஊருக்குள் தெரியாததற்கு அதுதான் காரணம்.

இரண்டாவது ஞாயிறு அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்ட் வைத்தேன் (வெறும் ஜாக்கியை நம்பிக் கையைக் காலை உள்ளே விடாதீர்கள், செங்கல்லும் வேண்டாம்). சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங், லோயர் ஆர்ம் முனையில் இருக்கும் பால் ஜாயிண்ட் தெரியும், இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்ட் தெரியும். இரண்டு பக்கமும் கல் மாதிரி இருந்தது. 14,000 ரூபாய்க்கு மாற்றச் சொன்ன சாமான்கள் இவை.

அப்புறம் இடது பக்க முன் சக்கரத்தைப் பின்னாலும் பின் சக்கரத்தை முன்னாலும் மாற்றினேன். அத்திப்பள்ளி வரைக்கும் போனதும் ஸ்டியரிங்கில் உதறல் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. பின் சீட்டுக்கு மாறி உட்கார்ந்திருந்த மனைவி, "இப்ப எனக்கு முதுகுல மசாஜ் பண்ணுது" என்றாள். குற்றவாளி வண்டியில் இல்லை, அந்த ஒரு சக்கரத்தில்தான் இருக்கிறான்.

மூன்றாவது ஞாயிறுதான் விஷயம் பிடிபட்டது. முன் சக்கரம் இழுக்கும் வண்டி என்பதால் முதல் கியரில் போட்டு, முன் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்ட் வைத்து, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டால் பின் சக்கரம் கையால் தள்ளினாலே சுற்றும். பக்கத்தில் ஒரு பலகைத் துண்டை நிறுத்தி, அதில் ஸ்க்ரூ டிரைவரைக் கட்டி, முனையை ரிம்மின் உள்பக்க விளிம்பை உரசாமல் உரசுகிற தூரத்தில் வைத்துச் சுற்றினேன். முக்கால் சுற்றுக்கு ஒரே இடைவெளி. பிறகு திடீரென்று விளிம்பு உள்ளே போய்த் திரும்ப வந்தது. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடுகளை அடுக்கி அளந்தால் மூன்று மில்லிமீட்டருக்குப் பக்கம். ஒரு மில்லி தாண்டினாலே சந்தேகப்பட வேண்டிய இடம் அது. டார்ச் அடித்துப் பார்த்தேன், நாலு விரல் அகலத்துக்கு விளிம்பு தட்டையாக அமுங்கி இருந்தது, வெளிப்பக்கம் கீறல்கூட இல்லை. அதற்கு நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் தள்ளி, ஒட்டு வெயிட் வரிசையாக, கட்டுப்பல் செட்டு மாதிரி. எண்ணினேன், 105 கிராம்.

போன மழையில் பொம்மனஹள்ளி சர்வீஸ் ரோட்டில் தண்ணீர் நிறைந்த ஒரு குழியில் 'டம்'மென்று விழுந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. டயரில் புடைப்பு இல்லை, காற்று இறங்கவில்லை, மறந்துவிட்டேன்.

அந்த 00-வில் பொய் ஒன்றும் இல்லை. அந்த மாதிரி மெஷின் சக்கரத்தை அந்தரத்தில் சுற்றி எடை சமமா என்று மட்டும்தான் பார்க்கிறது. கோணலான சக்கரத்துக்கும் வெயிட்டைக் கொட்டி 00 வரவழைத்துவிடலாம். ரோட்டில் வண்டியின் பாரம் அதன்மேல் உட்கார்ந்ததும் அந்தத் தட்டையான இடம் சுற்றுக்கொரு தடவை தன் வேலையைக் காட்டும். மெஷினில் சுற்றும்போது விளிம்பைக் குனிந்து ஒரு பார்வை பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும், அவருக்கும் சரி, எனக்கும் சரி.

அலாய் ரிம்மைச் சூடாக்கி அழுத்தி நேராக்கித் தருகிறார்கள். அண்ணனிடம் கேட்டால், "உள்ள மயிர்க்கோடு மாதிரி விரிசல் இருந்தா யாரு பொறுப்பு? வேண்டாம் தம்பி" என்றார். ஜே.சி. ரோட்டில் இரண்டு மணி நேரம் அலைந்து அதே டிசைனில் பழைய ரிம் ஒன்று 2,800 ரூபாய்க்குக் கிடைத்தது. காசு கொடுப்பதற்கு முன்னால் பக்கத்துக் கடை பேலன்சிங் மெஷினில் வெறும் ரிம்மை மாட்டிச் சுற்றிப் பார்த்தேன், கடைக்காரர் முகம் சுளித்தார், பரவாயில்லை. டயரை மாற்றி, பேலன்ஸ் செய்தபோது மொத்தம் 25 கிராம்தான் தேவைப்பட்டது. அத்திப்பள்ளி தாண்டித் தொண்ணூறில் ஸ்டியரிங் அம்மிக்கல் மாதிரி நின்றது.

ஆனால் பிரேக் மிதித்தால் உதறுவது அப்படியேதான் இருந்தது. ஒரே நோய் என்று நினைத்ததில் இரண்டு நோய்.

நாலாவது ஞாயிறு முன்பக்க பிரேக் டிஸ்க்கைக் கழற்றினேன். பிரேக் பேடை அழுத்தும் காலிபரை பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டி வைத்துவிட்டுச் சுத்தியலால் தட்டினால், டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் துரு பொருக்குப் பொருக்காக. அதற்கு மேல்தான் டிஸ்க் இத்தனை நாள் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. அப்படிச் சாய்ந்து சுற்றினால் பேட் ஒரே இடத்தில் உரசி உரசி அங்கே மட்டும் டிஸ்க் மெலியும். எல்லோரும் 'டிஸ்க் வளைஞ்சிடுச்சு' என்று சொல்வது பெரும்பாலும் இந்தத் தடிமன் வித்தியாசத்தைத்தான். கம்பி பிரஷ், எமரி பேப்பர், ஒரு மணி நேரம். சக்கர நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில் 100 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினேன், டயர் கடை ஏர் கன்னில் அடித்தபோது ஒரு நட்டு ஒரு மாதிரி, இன்னொன்று வேறு மாதிரி இறுகியிருந்தது.

இப்போது பிரேக் உதறல் பாதியாகிவிட்டது, போகவில்லை. பீன்யாவில் லேத் பட்டறையில் வேலை செய்யும் நண்பனிடம் மைக்ரோமீட்டர் கேட்டிருக்கிறேன், சனிக்கிழமை தருவான். டிஸ்க்கைச் சுற்றி எட்டு இடத்தில் அளந்து பார்த்துவிட்டு, வித்தியாசம் இருந்தால் லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தும் அளவுக்குத் தடிமன் மிச்சம் இருக்கிறதா, புதுசு வாங்க வேண்டுமா என்று எழுதுகிறேன். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கிறது, துருவைச் சுரண்டினால் தெரியும்.