கொடைக்கானல் ஏரியைச் சுற்றி ஓட

கொடைக்கானலில் ஓடுவதற்கு முதல் தேர்வு ஏரிச் சாலைதான். ஒரு சுற்று ஏறக்குறைய 5 கி.மீ., பெரும்பாலும் சமதளம். ஆனால் 2,000 மீட்டருக்கு மேல் உயரம். சமவெளியில் ஓடும் வேகத்திலேயே கிளம்பினால் சீக்கிரமே மூச்சு முட்டும். கிலோமீட்டருக்கு அரை நிமிடமாவது கூட்டிக்கொள்ளுங்கள்.

ஏரி வலக்கைப் பக்கம் இருக்கும்படி வலது ஓரமாகவே ஓடினால் எதிரே வரும் வண்டியும் தெரியும், தண்ணீரும் கண்ணைவிட்டு அகலாது. விடிந்ததும் தொடங்கிவிட வேண்டும். வெயில் ஏறினால் வாடகை சைக்கிள், குதிரை, சுற்றுலா வேன் எல்லாம் இறங்கிவிடும். பனியில் நனைந்த குதிரைச் சாணம் வளைவுகளில் வழுக்கும், அடி தேய்ந்த ஷூ ஆகாது. மூடுபனி என்றால் பளிச்சென்ற நிறத்தில் மேல்சட்டை.

மலை விளிம்பில் போகும் நடைபாதையான கோக்கர்ஸ் வாக்? காட்சிக்கு அருமை. ஆனால் சுமார் 1 கி.மீ.தான், கூட்டமும் அதிகம். அதை நடப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.