வளவும் வெளுக்காமல், பட்டாலையும் இருளாமல்

செட்டிநாட்டு வீடுகளில் வீடியோ எடுப்பவர்களுக்குப் பெரிய தலைவலி வளவுதான், அதாவது வீட்டின் உள்முற்றம். நடுவே திறந்த வானம், சுற்றிலும் பட்டாலை போன்ற நிழலான கூடங்கள். உச்சிவெயிலில் 5, 6 ஸ்டாப் வித்தியாசம் சாதாரணம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு).

முதலில் கேமரா தானே வெளிச்சத்தை மாற்றும் ஆட்டோ எக்ஸ்போஷரை அணையுங்கள். ஆள் தூணைத் தாண்டி நடந்தாலே வெளிச்சம் ஏறி இறங்கும். நொடிக்கு 25 பிரேமுக்கு ஷட்டர் 1/50 நொடி. நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ட்யூப்லைட்டும் மினுக்காது. வெளுத்த இடத்தில் திரையில் கோடு காட்டும் ஜீப்ராவை 100-இல் வைத்து, வெயில் விழும் தரையில் கோடு மறையும்வரை அபெர்ச்சரை (லென்ஸ் திறப்பை) சுருக்குங்கள். மேலே வானம் வெளுத்தால் வெளுக்கட்டும்.

இப்போது பட்டாலை நிழலில் இருப்பவர் முகம் இருண்டிருக்கும். ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) ஏற்றினால் வளவு மறுபடி வெளுத்துவிடும், விளக்குதான் வழி. பகல் வெளிச்ச நிறமுள்ள 5600 கெல்வின் எல்இடி, முன்னால் ஒளியை மென்மையாக்கும் சாஃப்ட்பாக்ஸ், பக்கவாட்டில் 45 டிகிரி. நேராக வைத்தால், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய முட்டைப்பூச்சுச் சுவர் அந்த விளக்கையே பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். முகம் வளவைவிட 1, 2 ஸ்டாப் குறைவாகவே இருக்கட்டும். சமமாக்கினால் பின்னணியை வெட்டி ஒட்டியது போலிருக்கும், பார்க்கச் சகிக்காது.

தெருப்பக்க ஜன்னலுக்கு 0.6 என்டி ஜெல் (வெளிச்சத்தைக் குறைக்கும் கருமைத் தாள்) போட்டால் 2 ஸ்டாப் இறங்கும். ஆனால் பழைய ஜன்னல் பலவற்றில் கண்ணாடி இல்லை, கம்பிதான். ஜெல்லைச் சட்டத்தில் விறைப்பாகக் கட்டுங்கள். காற்றில் சடசடத்தால் ஆடியோ போச்சு.

செலவே வேண்டாமா? வெயில் வளவுக்குள் இறங்குமுன், காலையிலேயே எடுத்துவிடுங்கள்.