மஞ்சள் சாற்றில் நைட்ரஜன்

மே 6
கத்திரி வெயிலில் ஈதர் பாட்டிலைத் திறக்கவே பயம். 35 டிகிரியில் கொதிக்கிற சமாச்சாரம். மூடியைத் தளர்த்தினாலே புஸ்ஸென்கிறது. ஆனால் சீன விஞ்ஞானி தூ யூயூவுக்குக் கைகொடுத்தது இதே ஈதர்தான். ஆர்ட்டிமிசியா செடியைச் சூடுபடுத்தி எடுத்த சாற்றில் நிற்காத மலேரியா எதிர்ப்பு, குறைந்த சூட்டில் ஈதரில் எடுத்ததும் தங்கியது. 2015 நோபல் அதற்குத்தான். எனக்கு அதைவிடப் பிடித்தது அடுத்த கட்டம்: அந்தச் சாற்றின் மருந்துப் பொருளான ஆர்ட்டிமிசினினின் பெராக்சைடு பாலத்தை (இரண்டு ஆக்சிஜன் கோத்த இணைப்பு) தொடாமல், பக்கத்துக் கார்பனைலை (கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு) மட்டும் ஹைட்ரஜன் சேர்த்து ஒடுக்கினார்கள். அதிலிருந்து எண்ணெயில் கரையும் ஆர்ட்டிமீத்தர், ஊசியாக ரத்தக் குழாயில் ஏற்றும் ஆர்ட்டிசுனேட் எல்லாம் வந்தன.

மே 9
மணல் ஈ பரப்பும் லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணிக்கு மருந்து தேடி நாங்கள் செய்வது கொஞ்சம் முரட்டு வேலை. சேர்மத்தைப் பிரித்தெடுக்காமல், மஞ்சள் சாறு முழுவதையும் ஹைட்ரசினோடு (நைட்ரஜன் உள்ள ஒரு வேதிப்பொருள்) வினைபுரிய விடுகிறோம். மருந்து மூலக்கூறுகளில் நைட்ரஜன் தாராளம். செடிகள் தருபவற்றில் ஆல்கலாய்டுகளை விட்டால் குறைவு. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமினில் இரண்டு கார்பனைல்கள் ஒரு கார்பன் இடைவெளியில் இருப்பதால் ஹைட்ரசின் நுழைந்து, நைட்ரஜன் உள்ள பைரசோல் வளையமாக மூடிக்கொள்கிறது. ஹைட்ரசின் நச்சு, புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹுட்டை விட்டு வெளியே வராது.

மே 10
பெரியம்மா போனில்: "மஞ்சளே மருந்துதானேடி, அதுல ஏன் கெமிக்கலைக் கலக்குற?" மஞ்சளும் கெமிக்கல்தான் பெரியம்மா என்றேன். கோபித்துக்கொண்டார்.

மே 13
கலவையைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் டிஎல்சி பிளேட்டில் மஞ்சள் புள்ளி மங்கி, சற்றுக் கீழே புதிதாக ஒன்று. யூவி விளக்கில் கருப்பாகத் தெரிந்தது. அழகுதான், ஆனால் புள்ளி மருந்தாகிவிடாது. குர்குமினுக்கு வேறு கெட்ட பெயர் உண்டு: தானே ஒளிர்ந்து பல சோதனைகளில் பொய்யான நல்ல முடிவைக் காட்டும். அதனால் ஒளிர்வை நம்பாமல் உயிரோடிருக்கும் ஒட்டுண்ணிகளை மைக்ராஸ்கோப்பில் எண்ணுகிறோம்.

மே 20
லீஷ்மேனியா 26 டிகிரியில் வளரும். இந்த ஊரில் அதற்குக் குளிர்விக்கும் இன்குபேட்டர்தான் வேண்டும். கரண்ட் போனால் எனக்கு முன்னால் அதுதான் வாடும்.

வினைபுரிந்த சாறு போட்ட சோதனைத் தட்டின் குழிகளில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடுபவை வெகு குறைவு. லேபில் ஒரே உற்சாகம். கைடு மேடம் மட்டும், "மிச்ச ஹைட்ரசின் கொன்றிருந்தால்?" என்றார். நியாயம். சாறே இல்லாமல் ஹைட்ரசினை மட்டும் அதே வழியில் கழுவி, உலர்த்தி, ஒரு கன்ட்ரோல் வைக்க வேண்டும். அப்புறம், இப்போது எண்ணியதெல்லாம் மணல் ஈயின் உடலில் இருக்கும் வடிவம். மனிதனில் அது மேக்ரோஃபேஜ் (கிருமிகளை விழுங்கும் நோய் எதிர்ப்பு செல்) செல்லுக்குள் ஒளிந்திருக்கும். செல் சாகாமல் உள்ளே இருப்பது மட்டும் சாக வேண்டும்.

மே 22
கன்ட்ரோல் குழிகளில் எல்லாம் ஓடுகின்றன. மேக்ரோஃபேஜ் வளர்க்கச் சீரம் ஆர்டர் போட்டாயிற்று.